எள்ளின் சாட்சியம்: இந்திய அடுக்களையில் மறைபொருள்களின் வரலாறு

1917ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான பிராமணர்கள் கூடித் தூய்மைச் சடங்கு செய்தனர். அவர்கள் பிராயச்சித்தம் தேடியது தெரிந்து செய்த பிழைக்காக அன்று. நகரத்துக் கடைகளில் விற்கப்பட்ட நெய்யில் விலங்குக் கொழுப்பு கலந்திருப்பதாகச் செய்தி பரவியிருந்தது. அந்த நெய்யை அவர்கள் உண்டிருந்தனர். வேள்வித் தீயிலும் வார்த்திருந்தனர். கலப்படத்தில் தொடர்புடைய வணிகர்களுள் பலர் மார்வாரிச் சமூகத்தினர். அச்சமூகத்தின் பஞ்சாயத்தே கூடி அவர்களுக்கு அபராதமும் சாதிவிலக்கும் விதித்தது. அதோடு நில்லாமல் ஆங்கில அரசிடம் சட்டம் கேட்டது. நெய் விற்பனையை நெறிப்படுத்தும் சட்டத்திருத்தம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 1918இல் சென்னை மாகாணத்திலும் 1919இல் வங்காளத்திலும் உணவுக் கலப்படத்திற்கு எதிரான பொதுச் சட்டங்கள் தோன்றின.

சமய வழக்கங்களில் தலையிடத் தயங்கிய அரசு, நெய்யில் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிக்க வேதியியலாளரை அமர்த்திற்று. உண்பவருக்குத் தீட்டு பற்றிய கவலை. அரசுக்கு வணிக ஏமாற்று பற்றிய கவலை. இரண்டும் ஒரே சோதனைக் குழாயில் சந்தித்தன. இந்தியாவில் உணவுப் பொருளின் உள்ளடக்கத்தை அறியும் உரிமை இந்த இரட்டைப் பிறப்பின் தடத்தை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது ஒரு கவலை, அதாவது உண்ட பொருள் உடலுக்கே நஞ்சாகலாம் என்னும் கவலை, அந்தக் கரையில் எவருக்கும் இருக்கவில்லை. 'அலர்ஜி' என்னும் சொல்லுக்கே அப்போது வயது பதினொன்றுதான். வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் அதைக் கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கியிருந்தார்.

நெய்யின் கதை அத்துடன் முடியவில்லை. தாவர எண்ணெயுள் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நோர்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் உருவான கெட்டிக்கொழுப்பு ஹாலந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியது. லீவர் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் பம்பாயின் சேவ்ரிப் பகுதியில் ஆலை அமைத்து, 1937இல் 'டால்டா'வைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹாலந்து வணிகரின் 'தாதா' என்னும் பெயருக்கு நடுவே லீவரின் முதலெழுத்தைச் செருகியதால் அப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் மொழியியல் நோக்கில் வணிகப்பெயரைவிடப் பொதுப்பெயரே சுவையானது. 'வனஸ்பதி' என்னும் சமஸ்கிருதச் சொல்லுக்குக் 'காட்டின் தலைவன்' என்று பொருள். வேதத்தில் பெருமரத்தைக் குறிப்பது. ஆலையில் வினையூக்கியின் துணையோடு பிறந்த ஒரு பொருளுக்கு இதனினும் பழமையான பெயரைத் தேடியிருக்க முடியாது. பெயரே முதல் மறைப்பு.

வெண்மையும் மணல்மணலான பதமும் நெய்யை ஒத்திருந்ததால், விலை மலிந்த வனஸ்பதி விலை உயர்ந்த நெய்க்குள் எளிதாக நுழைந்தது. 1940களில் காந்தியடிகள் 'ஹரிஜன்' இதழில் இதை எதிர்த்து எழுதினார். விடுதலைக்குப் பின் தாக்கூர் தாஸ் பார்கவா வனஸ்பதி உற்பத்தியையே தடைசெய்யக் கோரும் மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். தடை வேண்டாம், நிறம் சேர்த்தால் போதும் என்றனர் வேறு சிலர். நிறமூட்டிய வனஸ்பதி நெய்யில் கலந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும் அல்லவா? யோசனை எளிது, பொருள் கிடைக்கவில்லை. அந்த நிறம் சூட்டில் மங்காமல் இருக்க வேண்டும். எளிதில் நீக்க இயலாததாக இருக்க வேண்டும். உடலுக்குத் தீங்கற்றதாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே பொருந்திய நிறமி அகப்படவில்லை.

இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நிறம் தெரிவு செய்யப்பட்டது. வனஸ்பதியில் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. நல்லெண்ணெயில் செசமோலின் என்னும் சேர்மம் உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் முன்னிலையில் அது செசமால் ஆகிறது. ஃபர்ஃப்யூரலோடு சேரும்போது செஞ்சிவப்பு நிறம் எழுகிறது. இதுவே பௌடூயின் சோதனை. சந்தேகத்திற்குரிய நெய்யைச் சோதனைக் குழாயில் இட்டு அமிலத்தையும் ஃபர்ஃப்யூரலையும் சேர்த்துக் குலுக்கினால், அடியில் தங்கும் அமிலப் படலம் சிவக்கிறதா என்பதே கேள்வி. சிவந்தால் வனஸ்பதி உள்ளே இருக்கிறது. இந்தச் சிவப்பு எவ்வளவு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் லோவிபாண்டு அளவையில் விதி வரையறுத்தது. கலப்படத் தடைச் சட்டம் 1954இல் வந்தது. அதன் விதிகளிலும், பின்னர் 2011ஆம் ஆண்டின் உணவுத் தர ஒழுங்குமுறைகளிலும் இந்த எள்ளுக்கு இடமிருந்தது.

ஒரு மறைபொருளைக் காட்டிக்கொடுக்க இன்னொரு மறைபொருளை அரசே உள்ளே வைத்தது என்பது இந்திய உணவுச் சட்டத்தின் மிக நுட்பமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆனால் எள் சாட்சி மட்டுமன்று, உணவும்கூட. எள் பலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் தன் கட்டாய அறிவிப்புப் பட்டியலில் எள்ளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்கா 2023 ஜனவரி 1 முதல் அதை ஒன்பதாவது பெரும் ஒவ்வாமைப் பொருளாக ஏற்றது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் பசையப் புரதமுள்ள தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட்டு ஆகியவை உண்டு. எள் இல்லை. எள்ளுருண்டையும் ரேவடியும் கஜக்கும் மிளகாய்ப்பொடியும் உண்ணும் நாட்டில், பிற கொழுப்பைக் காட்டிக்கொடுக்க எள்ளை ஊர்தோறும் பரப்பிய நாட்டில், எள்ளைப் பற்றிய எச்சரிக்கைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அந்த 5 விழுக்காட்டை வகுத்தவர்கள் மனத்தில் ஏமாற்றப்படும் வாங்குநர் இருந்தார். மூச்சடைக்கும் குழந்தை இருக்கவில்லை.

1983இல் பழைய அச்சம் மீண்டும் எழுந்தது. சோப்புத் தொழிலுக்காக இறக்குமதியான மாட்டுக்கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டதாகப் புகார் கிளம்பி நாடாளுமன்றம் வரை சென்றது, இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கல்கத்தாவின் 1917 மீண்டும் நிகழ்ந்ததைப் போன்ற தோற்றம். ஆனால் இம்முறை நெய்க்குள் அன்று, நெய்க்கு மாற்றாக வந்ததற்குள்.

இந்த வரிசையின் அடுத்த கட்டம்தான் இன்று ஒவ்வொரு பொட்டலத்திலும் காணும் புள்ளி. 2001இல் அசைவ உணவுக்குப் பழுப்புப் புள்ளி கட்டாயமாயிற்று. பச்சைப் புள்ளி அடுத்துத் தொடர்ந்தது. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய குறி என்ற வகையில் இதன் வெற்றி மறுக்க முடியாதது. ஒரு சிறு குறை மட்டும் இருபது ஆண்டுகள் நீடித்தது: இரு குறிகளுக்கும் வடிவம் ஒன்றே, வேறுபாடு நிறத்தில் மட்டும். பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய இயலாத நிறப்பார்வைக் குறையுடையோர்க்கு அது குறியே அன்று. 2020ஆம் ஆண்டு விதிகள் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றின.

அந்தக் குறியின் பின்னுள்ள வரையறை இன்னும் கவனிக்கத்தக்கது. விலங்கு, பறவை, பூச்சி, நீர்வாழ் உயிர், முட்டை, விலங்கு மூலம் கொண்ட எதுவாயினும் அசைவம். பாலும் பால்பொருளும் மட்டும் விலக்கு என்பதே தொடக்க வரையறையின் சாரம். 2020இல் விலக்குப் பட்டியல் நீண்டது: தேன், தேன்மெழுகு, அரக்கு, கார்னோபா மெழுகு. முதல் மூன்றும் பூச்சிகளிடமிருந்து வருபவை. அவற்றை விலக்கியதற்குக் காரணம் புரிகிறது. கார்னோபாவோ பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. அசைவமாக இருக்கவே வாய்ப்பில்லாத ஒன்றை அசைவத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது சட்டம். வரைவாளர் மெழுகுகளை ஒரு குடும்பமாகக் கருதிவிட்டார் போலும்.

நீதிமன்றங்களும் இதே திசையில் நடந்தன. 2002இல் தில்லி உயர்நீதிமன்றம் ஓசேர் ஹுசைன் வழக்கில், வாங்கும் பொருள் சைவமா அசைவமா என அறிவது நுகர்வோரின் அடிப்படை உரிமை என்றது. அழகுசாதனப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் அதை நீட்டித்த பகுதியை 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2021 டிசம்பரில் அதே உயர்நீதிமன்றம் இன்னொரு வழக்கில் எண்களின் பக்கம் திரும்பியது. எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டது இ631, அதாவது டைசோடியம் இனோசினேட். நூடுல்சிலும் சிப்சிலும் சுவையூட்டும் இப்பொருளை இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ பெறலாம்; நொதித்தல் வழியாகத் தாவர மூலத்திலிருந்தும் பெறலாம். எண் இரண்டுக்கும் ஒன்றே. மொழியியலார் இதை ஒருசொற் பலபொருள் என்பர். ஆனால் இயல்பான மொழியில் சூழல் பொருளைத் தெளிவாக்கும். பொட்டலத்தின் பின்புறத்தில் அத்தகைய சூழல் எதுவும் இல்லை. மூலத்தை வெளிப்படுத்த வேண்டும் என்றது நீதிமன்றம்.

இவ்வளவு நீண்ட பயணத்திலும் சட்டம் கேட்டுவந்த கேள்வி ஒன்றே: இது எங்கிருந்து வந்தது? ஒவ்வாமை கேட்கும் கேள்வி வேறு: இது உள்ளே போனால் என்ன செய்யும்? முன்னதற்கு விடை பிறப்பிடத்தில் இருக்கிறது. பின்னதற்கு விடை புரதத்தில். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்டப் பெருங்காயத்தைவிடச் சிறந்த பொருள் இல்லை.

பெருங்காயம் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் உஸ்பெகிஸ்தானிலும் விளையும் ஃபெருலா இனச் செடியின் வேர்ப்பால். இந்தியா நெடுங்காலமாக இறக்குமதியையே நம்பியிருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முறையான சாகுபடி முயற்சி 2020 அக்டோபரில்தான் தொடங்கியது. தூய பிசினின் நெடி அடுக்களைக்கு ஒவ்வாத அளவு கடுமையானது. எனவே கருவேலவகைப் பிசினோடும் மாவோடும் பிசைந்து, கட்டியாகவோ தூளாகவோ 'கூட்டுப் பெருங்காயம்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. இது கலப்படம் அன்று. சட்டமே ஏற்ற தரநிர்ணயம். மாவு அரிசியாகவும் இருக்கலாம், கோதுமையாகவும் இருக்கலாம். கோதுமைப் பசையத்தால் சிறுகுடலின் உட்பரப்பு சிதையும் சீலியாக் நோயுடையோர்க்கு இதுவே முழு வேறுபாடு. நோய்க்கும் கோதுமைக்குமான தொடர்பை டச்சு மருத்துவர் வில்லம்-கரேல் டிக்கே தம் 1950ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவியிருந்தார்.

இந்தியப் பொட்டலங்களிலோ கோதுமை இரு திரைகளுக்குப் பின்னால் இருந்தது. 2011 விதிகளின்படி மசாலாப் பொருள்களைத் தனித்தனியே எழுதாமல் பொதுத் தலைப்பால் குறிக்கலாம். மேலும், ஒரு கூட்டுப்பொருள் மொத்த உணவில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அதனுள் அடங்கியவற்றை அறிவிக்க வேண்டியதில்லை. சாம்பார்ப் பொடியில் பெருங்காயம் 5 விழுக்காட்டை எட்டுவதே இல்லை. பச்சைப் புள்ளியோடு, சட்டத்தை எவ்விதத்திலும் மீறாமல், ஒரு பொடி கோதுமையை மறைத்திருக்க முடிந்தது. 2020 விதிகளின் ஒவ்வாமைப் பட்டியல் இந்தத் திரையைப் பொட்டலத்தில் கிழித்தது. பொட்டலம் பிரிந்து அடுக்களைக்குள் சென்றபின் என்ன ஆகிறது என்பது வேறு கதை.

சட்டம் இங்கு முந்திக்கொள்ளவில்லை. ஏகாதசியன்று தானியம் விலக்கும் கௌடிய வைணவர்கள் தங்கள் விலக்குப் பட்டியலில் கடைப் பெருங்காயத்தையும் சேர்த்திருக்கின்றனர். காரணம், அதில் மாவு கலந்திருக்கும். வட இந்திய நவராத்திரி நோன்பில் கோதுமைக்கு மாற்றாகக் குட்டு என்னும் பாப்பரை மாவு பயன்படுகிறது. அது புல்லினத்துத் தானியம் அன்று, பசையமும் அதில் இல்லை. இவ்வொற்றுமையை மிகைப்படுத்தக் கூடாது. தமிழகத்திலும் கேரளத்திலும் அரிசிச்சோறு விலக்கும் நோன்பாளர் பலர் கோதுமை உப்புமாவையும் சப்பாத்தியையும் உண்பது இயல்பு. அங்கே விலக்கு தானியத்தின் மேல் அன்று, சோற்றின் மேல். நோன்பின் வகைப்பாடு உயிர்வேதியியலை எதிர்பார்த்து எழுந்ததாகக் கூறுவது வரலாறாகாது. ஆயினும் உள்ளடங்கிய பொருளின் உள்ளடங்கிய பொருளையும் துருவிப் பார்க்கும் பழக்கம் சடங்கு அடுக்களையில் இருந்தது; அரசிதழில் இருக்கவில்லை.

இந்திய விருந்துச் சமையல் தடைகளை அறியாதது என்று எவரும் சொல்ல முடியாது. சமணருக்கென வெங்காயமும் பூண்டும் கிழங்கும் தவிர்த்துத் தனி வரிசை அமைக்கத் தெரியும். அதற்கெனத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைக்கவும் தெரியும். ஒரு கரண்டி தவறி மற்றொரு குண்டானில் விழுந்தால் முழுக் குண்டானும் பயனற்றுப் போகும் என்பதை எந்தத் தலைமைச் சமையற்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. மருத்துவம் இன்று குறுக்குத் தொடர்பு என அழைப்பதும் ஏறத்தாழ இதுவே. பிறகு ஏன் ஒவ்வாமையுடையோர் விருந்துகளில் அஞ்சுகின்றனர்?

ஒரு காரணம் சொல்லில் இருக்கிறது. 'ஒவ்வாமை' ஏட்டுச் சொல். 'ஒவ்வு' என்னும் வினையின் எதிர்மறையிலிருந்து பிறந்தது. பொருந்தாமை என்பதே அதன் பழைய பொருள். பேச்சில் வழங்குவது 'ஒத்துக்கொள்ளாது' என்பது. இந்தியில் 'சூட் நஹீ கர்தா'. கத்தரிக்காய் உண்டால் அரிக்கிறது என்பவரும், தயிர் உண்டால் சளி பிடிக்கிறது என்பவரும், நிலக்கடலைத் துணுக்கு ஒன்றால் உயிர் ஊசலாடுபவரும் ஒரே சொற்றொடரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்பவர் அவற்றுள் மிக மென்மையானதைத்தான் எடுத்துக்கொள்கிறார். சமணர் என்று சொல்வதில் இந்தத் தளர்ச்சி இல்லை. அந்த ஒரு சொல்லோடு முழு விதித்தொகுப்பும் அடுக்களைக்குள் வந்துவிடுகிறது. விதியை உண்பவரும் சமைப்பவரும் முன்பே பகிர்ந்துகொண்டிருக்கின்றனர்.

ஒவ்வாமைக்கு அத்தகைய பொது இலக்கணம் இல்லை. "சாம்பாரில் கோதுமை உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பார் சமையற்காரர், அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வகைப்பாட்டில் பெருங்காயம் வாசனைப் பொருள். கோதுமை மாவு வேறு அலமாரியில் இருக்கிறது. ரவா தோசை வார்த்த கல்லிலேயே அடுத்து வெறும் தோசை வார்ப்பதையும், மைதா பஜ்ஜி பொரித்த எண்ணெயிலேயே அப்பளம் பொரிப்பதையும் அவர் கலப்பாகக் கருதுவதில்லை. அதே கல்லில் முட்டை ஊற்றியிருந்தால் சைவ வாடிக்கையாளருக்கு அவரே தடுத்துச் சொல்லியிருப்பார்.

இன்னொரு காரணம் எழுத்து மொழியில் இருக்கிறது. பொட்டலத்தில் அறிவிப்பு ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்பதே விதி. மாநில மொழி விருப்பத்திற்குரியது. கோயம்புத்தூர் மண்டபத்திலோ விசயவாடா விருந்திலோ மஞ்சள் நிறத் தூளை அள்ளிப் போடும் கை அந்த வரியைப் படிக்கும் என்று கொள்ள இயலாது. பச்சைப் புள்ளிக்கு மொழி தேவையில்லை, கோதுமைக்குத் தேவை. கோதுமைக்கென ஒரு புள்ளியை எவரும் வரையவில்லை.

உணவகங்களுக்கும் 2020 விதிகள் சில கடமைகளை வகுத்தன. மத்திய உரிமம் பெற்றவையும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உடையவையும் தம் உணவுப்பட்டியலில் கலோரி அளவையும் ஒவ்வாமைப் பொருள்களையும் குறிக்க வேண்டும். ஆண்டில் 60 நாட்களுக்கும் குறைவாக இயங்கும் நிகழ்ச்சிச் சமையல் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. பந்தியில் அமரும் விருந்தினர் முன் உணவுப்பட்டியல் இருப்பதில்லை. இலையில் விழுந்தபின்தான் பெயர் தெரிகிறது. கல்கத்தாவின் பஞ்சாயத்து அன்று நெய் வணிகரைக் கூப்பிட்டு விசாரிக்க முடிந்தது, அவர்களை அறிந்திருந்ததால். ஆயிரம் பேர் உண்ணும் கலியாணப் பந்தியில் பெருங்காயம் வாங்கியவர் ஒருவர், கரைத்தவர் ஒருவர், பரிமாறுபவர் ஒருவர். கேள்வி கேட்கப்படுவது கடைசி ஆளிடம். அவர் கையில் இருப்பது சாம்பார் வாளி மட்டும்.